அப்பாவுடன் புளோரிடா கீஸில் சுறாத் தூண்டில் பயணம்: படகை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தம்பாவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் புளோரிடாவின் தம்பா நகரில் எட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். பாம்பனில் பிறந்து வளர்ந்த என் தந்தை இப்போது எங்களுடன் தங்கியிருக்கிறார். மார்ச் இறுதியில் ஊர் திரும்புவார். அவர் பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றவர் என்றாலும், இளம் வயதில் தம் மாமாவின் வள்ளத்தில் கடலுக்குப் போய்ப் பழகியவர். அவரையும் என் பத்து வயது மகனையும் பிப்ரவரியில் ஒரு நாள் புளோரிடா கீஸ் தீவுகளுக்கு அழைத்துச் சென்று, வழிகாட்டியுடன் சுறாத் தூண்டில் போட வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

இஸ்லமொராடா, மாரத்தான், கீ வெஸ்ட் ஆகிய மூன்று ஊர்களிலும் ஏராளமான படகுகள் இருக்கின்றன. எல்லோரும் சுறா கட்டாயம் கிடைக்கும் என்றே விளம்பரம் செய்கிறார்கள். எதை வைத்து ஒரு படகை நம்புவது என்று விளங்கவில்லை. எங்களுக்குத் தனியாக மீன்பிடி உரிமம் தேவையா? பத்து வயதுப் பிள்ளைக்கு இது ஏற்றதா? பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து சுறாப்புட்டு செய்ய முடியுமா என்று மனைவி கேட்கிறார். அப்பாவின் கேள்வி வேறு. "பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விடுவதற்கா இத்தனை டாலர்? அந்தக் காசுக்கு மீன் வாங்கினால் தெருவுக்கே குழம்பு வைக்கலாமே" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மயாமி தூண்டில்காரன்:

வணக்கம். பதினைந்து ஆண்டுகளாகக் கீஸில் தூண்டில் போட்டு வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வாடகைப் படகுக்கு உரிய உரிமம் இருந்தால் அதில் ஏறும் பயணிகள் அனைவரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். சிறிய படகுகளை ஓட்டும் கேப்டன்களில் பெரும்பாலோர் கடலோரக் காவல்படையிடம் பெற்றிருக்கும் அனுமதி, கட்டணம் செலுத்தும் ஆறு பேர் வரை ஏற்றிச் செல்வதற்கானது. கட்டணமும் ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் படகுக்கு இவ்வளவு என்றே இருக்கும். அதற்கு மேல் 15 முதல் 20 விழுக்காடு வரை அன்பளிப்பு கொடுப்பது இங்கே வழக்கம். நீங்கள் மூவர் என்பதால் நான்கு மணி நேர அரைநாள் பயணம் போதும். பிள்ளைக்கு அதற்கு மேல் பொறுமை இருக்காது. அப்பாவின் முதுகும் தாங்காது.

சுறா கிடைக்குமா கிடைக்காதா என்பதைக் காற்றும் நீரின் சூடும்தான் தீர்மானிக்கும். பிப்ரவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால், ஆழமற்ற திட்டுகளில் நீர் சட்டென்று குளிர்ந்துவிடும். அங்கே மேயும் சுறாக்கள் ஆழமான கால்வாய்களுக்கு இறங்கிவிடும். அத்தகைய நாளில் தீவுகளின் வடபுறம் உள்ள புளோரிடா விரிகுடாவும் கலங்கிப் போகும். தீவுகளே காற்றைத் தடுப்பதால் தென்புறம் சற்று அமைதியாக இருக்கும். தென்கிழக்குக் காற்று வீசினால் இது அப்படியே தலைகீழாக மாறும். ஆகவே "எந்த இடத்துக்கு அழைத்துச் செல்வீர்கள்?" என்று கேட்டால், "அன்று காலையில் காற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பதில் தருபவரே தொழில் தெரிந்தவர். சுறா உறுதி என்று ஒரு மாதம் முன்னதாகவே எழுதித் தருபவரை நான் நம்புவதில்லை.

வேலை நடக்கும் முறை உங்கள் அப்பாவுக்கு ஓரளவு பழக்கமானதாகவே இருக்கும். ஒரு கால்வாயின் ஓரத்தில் நங்கூரம் இட்டு, அரைத்த மீனை உறைய வைத்த கட்டியை வலைப் பையில் போட்டுப் படகின் பின்புறம் தொங்க விடுவார்கள். அது கரையக் கரைய, நீரோட்டம் அந்த மணத்தை வெகுதூரம் எடுத்துச் செல்லும். இரையாகச் சீலா, பாரை, மடவை, சூரை போன்றவற்றைத் துண்டுகளாக வெட்டிப் போடுவார்கள்; சிலர் மிதவைக்குப் பதிலாக ஊதிய பலூனைக் கட்டுவார்கள். சுறாவின் பல்லும் உப்புத்தாள் போன்ற தோலும் எந்த நைலான் நரம்பையும் அறுத்துவிடும் என்பதால், முள்ளை ஒட்டிய பகுதியில் எஃகுக் கம்பி இருக்கும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது முள்தான். புளோரிடாவில் 2019 ஜூலை முதல், இயற்கை இரையைக் கொண்டு சுறா பிடிப்போர், நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள்ளையே பயன்படுத்த வேண்டும். அது பக்கவாட்டில் முறுக்கப்படாததாகவும், துருப்பிடிக்கும் இரும்பாகவும் இருக்க வேண்டும். சுறா இரையை வாயில் வாங்கிக்கொண்டு விலகிப் போகும்போது, இந்த முள் தொண்டையில் குத்தாமல் வழுக்கிவந்து தாடையின் மூலையில் மாட்டிக்கொள்ளும். கம்பியை அறுத்துவிட நேர்ந்தால், சுறாவின் வாயில் தங்கிய முள் நாளடைவில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். ஆனால் ஒன்று: இரை அசைந்தவுடன் கோலை வெடுக்கென்று மேலே இழுக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே உதவாது, இழுத்தால் முள் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். ரீலை மெதுவாகச் சுற்றினாலே போதும். அப்பாவிடம் இதை முன்னதாகவே சொல்லி வையுங்கள். பழகிய கை சொன்னபடி கேட்காது.

இரு பிள்ளைகளின் அம்மா:

நாங்கள் சென்ற ஆண்டு ஏப்ரலில் இரண்டு பிள்ளைகளுடன் இத்தகைய பயணம் ஒன்றுக்குச் சென்று வந்தோம். படகின் பெயரை எழுத விரும்பவில்லை. ஐந்தடி நீளமுள்ள ஒரு லெமன் சுறா சிக்கியது. என் கணவர் அதைப் படகருகே கொண்டுவருவதற்கே அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு கேப்டனின் உதவியாளர் அதன் வாலைப் பிடித்துத் தூக்கிப் படகின் தரையில் போட்டு, பிள்ளைகளை அதன் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் படம் எடுக்கத் தொடங்கினார். என் சின்ன மகள் அழுதுகொண்டே "அதைத் தண்ணீரில் விடச் சொல்லுங்கள்" என்றாள். விட்டபோது அது நீந்தாமல் பக்கவாட்டில் சாய்ந்தபடி அடியில் இறங்கியது. அது பிழைத்ததா என்று அவள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

லெமன் சுறா 2010 முதல் புளோரிடாவில் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை செய்யப்பட்ட வகை என்பதும், அத்தகைய வகைகளை நீரைவிட்டு வெளியே எடுக்கவே கூடாது என்பதும் வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: சுறாவை நீரிலேயே வைத்துத்தான் படம் எடுப்பீர்களா, கம்பியை உடனே அறுக்கும் கருவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்குமா, நெடுநேரம் போராடவிடாமல் விரைவில் கொண்டுவரக்கூடிய கனமான கோலைத் தருவீர்களா. மெல்லிய கோலில் பெரிய மீனைப் பிடிப்பது வீரம் என்று பேசுபவர்களிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம்.

பத்து வயதுப் பையன் தாராளமாக வரலாம். உயிர்காப்புச் சட்டையை மட்டும் துறையிலேயே போட்டுவிடுங்கள். கோலை அவன் தனியாகப் பிடிக்காமல், பெரியவர் ஒருவர் பின்னால் நின்று அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

மயாமி தூண்டில்காரன்:

அம்மா சொன்னது அத்தனையும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பல சுறாக்கள் ஓயாமல் நீந்தி, நீரைச் செவுள்களின் வழியே ஓடவிட்டுத்தான் மூச்சு விடுகின்றன. நெடுநேரம் போராடிக் களைத்த சுறாவைக் காற்றில் தூக்கி வைத்திருப்பது, ஓடிக் களைத்தவனின் மூக்கைப் பொத்துவதைப் போன்றது. அதிலும் சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறா மிகவும் நொய்ந்தது. விட்ட பிறகும் அது இறந்துவிடும் வாய்ப்பு மற்ற வகைகளைவிடக் கூடுதல். புலிச் சுறா அதைவிட நன்றாகத் தாங்கும். 'கிரேட் ஹாமர்ஹெட்' எனப்படும் பெரிய கொம்பன் வகையையும் புலிச் சுறாவையும் 2012 முதல் புளோரிடா நீர்ப்பரப்பில் யாரும் வைத்துக்கொள்ள முடியாது.

யாழ் அடுக்களை:

சுறாப்புட்டுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அதைச் சுறா வறை என்போம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று பால்சுறாவைத் தேடி வாங்கி வருவார்கள். எனவே அந்த ஆசை எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

புளோரிடாவின் கடல் எல்லைக்குள் அனுமதிக்கப்பட்ட வகைகளில் ஆளுக்கு ஒரு சுறாவை எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் படகில் எத்தனை பேர் இருந்தாலும் மொத்தம் இரண்டுதான். பல வகைகளுக்கு மூக்கு நுனியிலிருந்து வால் பிளவுபடும் இடம் வரை 54 அங்குலம் இருக்க வேண்டும் என்ற அளவு உண்டு; கறுப்பு நுனித் துடுப்புள்ள பிளாக்டிப், சிறிய கொம்பன் போலிருக்கும் பானெட்ஹெட் முதலிய சிலவற்றுக்கு அந்த அளவு இல்லை. அந்த எல்லை அட்லாண்டிக் பக்கம் 3 கடல் மைல், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 9 கடல் மைல்; அதைத் தாண்டினால் நடுவண் அரசின் விதிகள் வேறு. பானெட்ஹெட் என்று நினைத்துக் கொம்பன் குட்டியை எடுத்துவிட்டால் அது குற்றம் என்பதால், தெளிவாக அடையாளம் தெரியாததை விட்டுவிடுவதே நல்லது. குடலை எடுக்கலாம், ஆனால் கரைக்கு வரும்வரை தலை, வால், துடுப்புகள் உடலோடு இருக்க வேண்டும்.

சமையலில் முக்கியமானது நேரம். சுறாவின் இரத்தத்திலும் தசையிலும் யூரியா மிகுதி. இறந்த பிறகு அது அம்மோனியாவாக மாறத் தொடங்கும். அந்த நெடி ஏறிவிட்டால் எவ்வளவு மஞ்சளும் பூண்டும் போட்டாலும் போகாது. பிடித்த இடத்திலேயே இரத்தத்தை வடியவிட்டு, குடலை நீக்கி, பனிக்கட்டிக்குள் புதைக்க வேண்டும். அவ்வளவு பெரிய பனிக்கட்டிப் பெட்டி படகில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுறா பிற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழ்வதால், அதன் தசையில் பாதரசம் சேர்கிறது. கருவுற்றவர்களும், பாலூட்டும் தாய்மாரும், பதினொரு வயது வரையிலான பிள்ளைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. உங்கள் மகனுக்குப் பத்து வயது. பிள்ளை பெற்றவளுக்கென்றே நாம் சமைத்த உணவை அவளே தவிர்க்க வேண்டும் என்பதைப் படித்த நாளில் எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆயினும் என் மகளின் பிரசவத்துக்கு நான் சுறா வாங்கவில்லை.

அலைவாய்க்கரை:

மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன். லெமன் சுறா பருவத்துக்கு வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் பெண் சுறா இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குட்டி போடும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரை விளையாட்டுக்காக முள்ளில் மாட்டி இழுத்து, பிறகு விட்டுவிடுவதை அன்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. முள்ளில் மாட்டாமலும் சுறாவைப் பார்க்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை புளோரிடாவின் கிழக்கில் உள்ள பாம் பீச் கடற்கரையை ஒட்டிப் பிளாக்டிப் சுறாக்கள் ஆயிரக்கணக்கில் கூட்டமாக வரும். புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கஜியூராவும் அவருடைய குழுவினரும் சிறு விமானத்தில் பறந்து அவற்றை எண்ணி வருகிறார்கள். தெளிந்த நாளில் அந்தக் கூட்டத்தைப் படகிலிருந்து பார்ப்பதே பிள்ளைக்கு மறக்க முடியாத காட்சியாக இருக்குமே.

தம்பாவாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு எல்லாப் பதில்களையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வட்டமுள்ளைப் பற்றிக் கேட்டதும், "மீன் தானாக மாட்டிக்கொள்ளுமென்றால் தூண்டில்காரன் எதற்கு?" என்று சிரித்தார். தடை செய்யப்பட்ட வகைகளைப் பற்றிய பகுதி வந்தபோது அமைதியாகிவிட்டார். 2001 இல் இந்தியாவில் எல்லாச் சுறாக்களுக்கும் தடை விதிக்கப்பட்டு, மீனவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டில் அது குறிப்பிட்ட சில வகைகளுக்கு மட்டுமெனச் சுருக்கப்பட்டதை அவர் நினைவுகூர்ந்தார். "அங்கே பிழைப்புக்குப் பிடித்தவனைத் தடுத்தார்கள், இங்கே பொழுதுபோக்குக்குப் பிடிப்பவன் காசு கொடுத்து விட்டுவிடுகிறான். இரண்டும் ஒன்றல்ல" என்றார். அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.

அலைவாய்க்கரை அவர்களின் கருத்தைப் பற்றி வீட்டில் வெகுநேரம் பேசினோம். மகனுக்குச் சுறாவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்; அப்பாவுக்கு ஒருமுறையாவது கோலைப் பிடிக்க வேண்டும். முடிவில் இஸ்லமொராடாவில் ஒரு கேப்டனிடம் பேசினேன். மூன்று கேள்விகளையும் கேட்டேன். சுறாவை நீரைவிட்டு எடுப்பதில்லை என்றும், கொம்பன் மாட்டினால் அப்போதே கம்பியை அறுத்துவிடுவதாகவும் அவர் சொன்னார். எந்த இடம் என்று கேட்டதற்கு, அன்று காலையில் காற்றைப் பார்க்க வேண்டும் என்றார். பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். சுறாப்புட்டு இல்லை என்று மனைவியிடமும் சொல்லியாகிவிட்டது.

கடைசியாக ஒரு கேள்வி: எனக்கும் மகனுக்கும் படகில் தலைசுற்றல் வரும். என்ன செய்யலாம்?

மயாமி தூண்டில்காரன்:

மாத்திரையை வாந்தி வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். மகனுக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். மீன்கூழ்ப் பை தொங்கும் பின்பக்கத்தில் உட்காராதீர்கள், அந்த மணமே பாதிப் பேரைக் கவிழ்த்துவிடும். பாம்பன்காரருக்கு எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.