டிரம்முக்கு 3.1 கிலோ: ஸ்கீமா சரி என்று சொன்ன வரி

காவேரிப்பட்டினத்தான்:
இங்கே ஒரு மாங்கூழ் ஆலைக்கு டெஸ்பாட்ச் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூழ் 215 கிலோ டிரம்மாகவும் 3.1 கிலோ டின்னாகவும் போகும். விவரத்தை எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களுக்குள் தகவலை வைக்கும் வடிவம்) கோப்பாக வாங்குபவருக்கு அனுப்பணும். பெங்களூரா மாம்பழ சீசன் உச்சத்தில், வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்ற நாளில், இப்படி ஒரு வரி போய்விட்டது:

<லாட் பேக்கிங்="டிரம்" எடை="3.1"/>

கோப்பில் எதெல்லாம் செல்லும் என்று விதிக்கும் ஸ்கீமா இதை ஏற்றுக்கொண்டது. பேக்கிங் பட்டியலில் டிரம் உண்டு, எடைப் பட்டியலில் 3.1 உண்டு. தனித்தனியே பார்த்தால் குற்றமே இல்லை. ஸ்கீமா எழுதும் மொழி எக்ஸ்எஸ்டி; 2001-இல் வந்த அதன் 1.0 பதிப்பு அப்படித்தான் பார்க்கும். ‘இது டிரம் என்றால் எடை 215’ என்று அதில் நேராக எழுத வழியில்லை. பேப்பரைத் திருத்தும்வரை லோடு இரண்டு நாள் நின்றது. ஆலைக் கணக்கர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

2012-இல் வந்த 1.1 பதிப்பில், நிபந்தனையைப் பொறுத்து வகையை மாற்றும் ஆல்டர்நேட்டிவ் இருக்கிறது. @பேக்கிங் = 'டிரம்' என்று நிபந்தனை போட்டு, பொருந்தினால் எந்த வகை என்று சொல்லிவிடலாம். மேலிருந்து முதலில் பொருந்துவது எடுபடும். ஜெர்செஸ் என்ற சரிபார்ப்பு நிரலில் ஓட்டினேன், தப்பைப் பிடித்தது. அடுத்த வாரமே அதே தப்பு மறுபடி நுழைந்தது! அரை நாள் தேடினேன். எக்செலிலிருந்து ஒட்டியதில் ‘டிரம்’முக்குப் பின்னால் ஒரு வெற்றிடம். பட்டியலின் அடிப்படை வகை டோக்கன் என்பதால் அது வெற்றிடத்தைக் கழித்துவிட்டு ஏற்றுக்கொள்கிறது. நிபந்தனையோ இருக்கிற எழுத்தை அப்படியே ஒப்பிடுகிறது. எதுவும் பொருந்தாவிட்டால் உறுப்புக்கு (இங்கே லாட்) முதலில் சொன்ன பொது வகைக்குப் போய்விடும், அங்கே எல்லாம் செல்லும். கடைசியாக நிபந்தனையில்லாத ஆல்டர்நேட்டிவ் ஒன்றை, எதையும் ஏற்காத எக்ஸ்எஸ்-எரர் வகையோடு வைத்த பிறகுதான் ஓட்டை அடைபட்டது. 1.1 எழுதுகிற எல்லோரும் இந்தக் கடைசி வரியை மறக்காமல் வையுங்கள்.

பென்னாகரத்துக்காரி:
அண்ணா, எனக்கு வந்தது பட்டுக்கூடு ஏலப் பதிவு. நிலை ‘விற்றது’ என்றால் விலை கட்டாயம். ‘ஏலம் போகாதது’ என்றால் விலையே இருக்கக்கூடாது. ஆனால் கோப்பை வாங்கும் இடத்தில் சரிபார்ப்பது லிப்எக்ஸ்எம்எல்2 என்ற நிரல். அதற்கு 1.0 மட்டும்தான் தெரியும், ஆல்டர்நேட்டிவைப் பார்த்ததும் ஸ்கீமாவே தப்பு என்று நின்றுவிடும். அதனால் 1.0 ஸ்கீமாவைத் தொடாமல், பக்கத்தில் ஸ்கீமட்ரான் என்ற இன்னொரு விதி மொழியை வைத்தேன். ரிக் ஜெலிஃப் உருவாக்கியது, 2006-இல் ஐஎஸ்ஓ தரமானது. விதியை எக்ஸ்எஸ்எல்டியாக (எக்ஸ்எம்எல்லை மாற்றி எழுதும் நிரல் மொழி) மாற்றி ஓட்டினால் போதும். பிழைச் செய்தியையும் நாமே எழுதலாம்: “குவியல் 14 ஏலம் போகவில்லை, விலையை நீக்கவும்.” பதிவு எழுதும் அக்கா அதைப் படித்து அவரே திருத்திவிடுகிறார். முன்பெல்லாம் ஒவ்வொரு பிழைக்கும் எனக்கு ஃபோன் வரும்.

அப்புறம், ஆல்டர்நேட்டிவ் அந்த உறுப்பின் ஆட்ரிபியூட்டுகளையும் (பேக்கிங், எடை போன்றவை), மேல் உறுப்புகளிலிருந்து கீழே வரும் என்று ஸ்கீமாவில் அறிவித்தவற்றையும் மட்டுமே பார்க்கும். ஸ்கீமட்ரான் கோப்பு முழுக்கப் பார்க்கும்.

காவேரிப்பட்டினத்தான்:
சரிம்மா, அதுதான் எனக்கு அடுத்த தேவை. லாட்டுகளின் டிரம் எண்ணிக்கையும் மேல் வரியின் மொத்தமும் பொருந்தணும் என்று ஆலையில் கேட்கிறார்கள். மேல் உறுப்பில் அசர்ட் (உள்ளே இருப்பதெல்லாம் பொருந்தணும் என்ற நிபந்தனை) வைத்தால் 1.1-இலேயே முடியும். ஆனால் வாங்குபவர் பக்கம் என்ன ஓடுகிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை. காலையில் முதல் வேலையாகக் கேட்கிறேன்.