ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர்கள்

செங்கல்பட்டு

போன மாதம் எங்கள் பக்கத்து ஏரிக்கரையில் ட்ரைபாடை விரித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பம்ப்செட் பக்கமிருந்து ஒரு பெரியவர் விறுவிறுவென்று வந்தார். வந்த வேகத்திலேயே, "எந்த ரோடு தம்பி? எங்க நெலம் போவுதா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. மூன்று காலில் ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் நீளமாக ஒரு குழாய், அதில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கும் ஓர் ஆள். இந்தக் கோலத்தில் அந்த ஊருக்கு வந்தவன் எவனும் நல்ல சேதி கொண்டுவந்ததில்லை. "பறவை படம் எடுக்கறேங்க ஐயா" என்றேன், நம்பவில்லை. கேமராவின் பின்திரையில் அன்று காலை எடுத்த கூழைக்கடாவைக் காட்டியபிறகுதான் முகம் இளகியது. அப்புறம் அவரே, "இங்க நின்னு என்னா கெடைக்கும்? மதகுகிட்ட வா" என்று கூட்டிப்போனார்.

மதகுக்கு மேலே கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் நின்று சிறகடித்துக்கொண்டிருந்தது. என் ட்ரைபாட் நாலு அடுக்குக் கால். காலுக்கு மூன்று பூட்டு, மொத்தம் ஒன்பது. நடக்க வசதியாக எல்லாவற்றையும் மடக்கி வைத்திருந்தேன். ஆறாவது பூட்டைத் திருகும்போது பறவை தலைகீழாகப் பாய்ந்து, மீனோடு எழும்பி, புளியமரத்துக்குப் போய்விட்டது. பெரியவர் என்னையும் ஸ்டாண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

லென்ஸ் சிக்மா 150-600 மி.மீ., அந்த 1.93 கிலோ கன்டெம்பரரி மாடல். கேமரா பாடி, ட்ரைபாட், கனமான லென்ஸைத் தாங்கித் திருப்பும் கிம்பல் தலை எல்லாம் சேர்த்தால் ஆறு கிலோவுக்கு மேல் தோளில் ஏறுகிறது. இவ்வளவையும் தூக்கிக்கொண்டு போவதா வேண்டாமா என்று எனக்குள்ளேயே சண்டை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கடைக்காரர் சொன்ன கதை வேண்டாம், உங்களுக்கு நடந்ததை ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்.

வால்பாறை

நான் ட்ரைபாடை விட்டதற்கு யானைதான் காரணம். சாயங்காலம், தேயிலைக்கு நடுவே போகும் பாதை. எதிரே காட்டுத்துண்டின் ஓரத்து அத்தி மரத்தில் பெரிய இருவாச்சி பழம் தின்றுகொண்டிருந்தது. ஸ்டாண்டை நன்றாக ஊன்றி, உயரம் சரிபார்த்து, அசையாமல் நின்றிருந்தேன். மேலேயிருந்து எஸ்டேட் ஆட்கள் கத்தினார்கள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தால் பாதை வளைவில் தேயிலைக்கு மேலே ஒரு முதுகு தெரிகிறது, அதன் பின்னால் இன்னொன்று.

கேமராவை ஸ்டாண்டோடு பிடித்திருக்கும் பிளேட்டின் நெம்புகோலைத் தட்டிக் கேமராவை மட்டும் உருவிக்கொண்டு ஓடினேன். மறுநாள் காலையில் போனபோது ட்ரைபாட் பத்தடி தள்ளிக் கிடந்தது. ஒரு கால் மட்டும் வளைந்திருந்தது. மிதித்த மாதிரித் தெரியவில்லை, என்னவென்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போட்டிருக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அன்றிலிருந்து ஒற்றைக்கால் ஸ்டாண்டு, அதாவது மோனோபாட்தான். ஏறும்போது கைத்தடி, நின்றால் தாங்கி, ஓட வேண்டி வந்தால் தோளோடு வந்துவிடும். மோனோபாட் மேல் எல்லாப் பக்கமும் சாயும் உருண்டைத் தலை போடாதீர்கள், லென்ஸ் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே இருக்கும். மேலும் கீழும் மட்டும் சாயும் தலை ஒன்று போதும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். சோலைக்குள் வெளிச்சம் கிடையாது. 600 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/600 வினாடியாவது வேண்டும் என்பார்கள். மழைக்காலத்தில் இங்கே 1/80 கிடைத்தாலே பெரிது. மோனோபாடில் 1/80க்கு மூச்சடக்கிப் பத்து எடுத்தால் இரண்டு தேறும். அந்த இரண்டிலும் பறவை தலையைத் திருப்பியிருந்தால் போச்சு. ஸ்டாண்டு நம் கையைத்தான் அசையாமல் பிடிக்கும், பறவையை அல்ல.

அட்டை பற்றித் தனியாகவே எழுதலாம். ஈரப் புல்லில் ஊன்றிய ட்ரைபாட் கால் வழியாக அது மெல்ல ஏறி, தலையைத் தாண்டி, கேமராவில் கண் வைக்கும் ரப்பர் வளையம் வரை வந்ததை ஒரு தரம் பார்த்தேன். நல்லவேளை, கண்ணை வைப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன்.

வேதாரண்யம்

மலைக்காரருக்கு அட்டை, எங்களுக்குச் சேறும் உப்பும். கோடியக்கரைப் பக்கம் பூநாரை பார்க்க வருகிறவர்கள் முதல் நாளே ட்ரைபாடைக் கெடுத்துக்கொண்டு போகிறார்கள். அதன் காலை நீட்டும்போது வழக்கம்போல மேல் அடுக்கிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அப்படிச் செய்தால் அடிப் பூட்டு சேற்றுக்குள் போய்விடும், மணல் புகுந்து திருகும்போது 'கரகர' என்று அரைக்கும். அடியிலுள்ள மெல்லிய அடுக்கை முதலில் முழுக்க இழுத்துவிட்டால் பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டைக் கழற்றித் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு ராத்திரி சோம்பல்பட்டால் உப்பு பிடித்துக்கொள்ளும்.

காலை ஒன்பது மணியானால் உப்பளத்து மேலே கானல் ஆடத் தொடங்கிவிடும். அப்புறம் கருங்கல்லில் லென்ஸை வைத்துக் கட்டினாலும் பூநாரையின் கால் நெளிந்துதான் விழும். அந்த நேரத்தில் ஸ்டாண்டைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, டீ குடிக்கப் போகலாம்.

என்னிடம் இருக்கும் நல்ல ஸ்டாண்டு ஒரு வாணலி. சிரிக்காதீர்கள். உள்ளான், மண்கொத்தி எல்லாம் சேற்றில் ஓடுகிற ஜாதி. நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் விழும், அதன் கண் மட்டத்துக்கு நாமும் இறங்க வேண்டும். ட்ரைபாடை எவ்வளவு விரித்தாலும் அந்தத் தாழ்வு வராது, வந்தாலும் நகர்த்த முடியாது. வீட்டில் கறுப்புப் பூச்சு உரிந்துபோன நான்ஸ்டிக் வாணலி ஒன்று கிடந்தது. வெல்டிங் கடையில் கொடுத்து நடுவில் ஓட்டை போடச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுல எண்ணெய் ஒழுகுமே" என்றார். 3/8 அங்குல போல்ட்டைக் கீழிருந்து ஏற்றி, வாஷர் போட்டு இறுக்கி, மேலே உருண்டைத் தலையைத் திருகினேன். போல்ட் தலையைச் சுற்றி எம்-சீல் அப்பினால் தண்ணீர் ஏறாது.

குப்புறப் படுத்துக்கொண்டு வாணலியை முன்னால் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். விளிம்பு உயர்ந்திருப்பதால் சேறு உள்ளே வராது, அடி வழுக்கிக்கொண்டு போகும். நாற்பது நிமிடத்தில் இருபதடி நகர்ந்திருப்பேன். உள்ளான் ஒன்று என்னை மரக்கட்டை என்று நினைத்ததோ என்னவோ, லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்துக்கும் உள்ளே வந்து மேய்ந்தது. படம் எடுக்க முடியவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வீட்டில், "அந்த வாணலி எங்கே?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிட்ஸ்பர்க்

இங்கே 'வேட்டைக்குப் போகிறேன்' என்றால் நிஜ வேட்டைதான். பென்சில்வேனியாவில் துப்பாக்கியோடு மான் வேட்டையாடும் பருவம் 2019இலிருந்து நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளை அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அலுவலக நண்பர் ஒருவருக்குச் சொந்தமாகக் காட்டு நிலம் உண்டு. நான் சுடுகிறவன் இல்லை, படம் எடுக்கக் கூட வரலாமா என்று கேட்டேன். சரி என்றவர் முதலில் கையில் கொடுத்தது ஓர் ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும். தலை, மார்பு, முதுகு சேர்த்துக் குறைந்தது 250 சதுர அங்குலம் அந்தக் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு தெரிய வேண்டும், சட்டமே அப்படி. பறவைக்குப் பயந்து பச்சையும் காக்கியுமாகவே உடுத்திப் பழகிய எனக்கு, கல்யாணப் பந்தலையே போர்த்திக்கொண்டு போனது போல இருந்தது. மான் கண்ணுக்கு ஆரஞ்சு அவ்வளவு எடுப்பாகத் தெரியாதாம்.

இரண்டாவது விதி, எந்த நேரமும் அவருக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால். துப்பாக்கி முனைக்கு முன்னால் என் ஸ்டாண்டின் காலோ என் காலோ போகவே கூடாது.

விடியும் முன்னே ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம். நல்ல குளிர். வெளிச்சம் வந்து வெகுநேரம் கழித்துப் பெட்டை மான் ஒன்று மெதுவாக வந்தது. நான் ட்ரைபாட் காலை அரை அங்குலம் இறக்கலாம் என்று அலுமினியப் பூட்டை விடுவித்தேன். 'டக்'. அவ்வளவுதான் சத்தம். மான் தலையைத் தூக்கியது, வெள்ளை வாலைக் கொடி மாதிரி நிமிர்த்தியது, இரண்டு துள்ளலில் காணோம். நண்பர் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

அப்புறம் அவர் துப்பாக்கியை ஊன்றும் ஸ்டாண்டைக் காட்டினார். அதுவும் மூன்று கால்தான். ஆனால் காலெல்லாம் நுரை ரப்பர் சுற்றியிருந்தது, பூட்டே இல்லை, கைப்பிடியை அழுத்தினால் மூன்று காலும் சத்தமில்லாமல் ஒன்றாக நீளும். செங்கல்பட்டு நண்பரின் ஒன்பது பூட்டைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது என் ட்ரைபாட் காலிலும் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் நுரை உறை இருக்கிறது. குளிரில் கையும் ஒட்டாது, தோளிலும் குத்தாது.

குளிருக்கு இன்னும் ஒன்று: உபரி பேட்டரியைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள். திரும்பி வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் லென்ஸுக்குள் ஆவி படியும். மறுவாரம் நண்பருக்கு மான் கிடைத்தது. எனக்கும் ஒரு பங்கு வந்தது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தோம்.

கோயம்புத்தூர்

நிஜத் துப்பாக்கி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். லென்ஸுக்குக் காட்டுப் பச்சை உறை போட்டு, மோனோபாடோடு தோளில் சாத்திக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் காட்டோரத் தார்ச்சாலையில் தனியாக நடந்தேன். ஜீப் வந்து நின்றது. டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. "கீழே வை, கையை எடு." 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டம் வந்தபின் இங்கே வேட்டை என்பது குற்றம். அந்த இருட்டில் என் தோளில் இருந்தது அவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? லென்ஸ் மூடியைக் கழற்றிக் காட்டி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டி, விடுபட அரை மணி நேரம் ஆனது. அவர்கள் செய்தது சரிதான். பறவைக்காகப் போட்ட உறை அது, இப்போது சாலையில் நடக்கும்போது கழற்றிப் பையில் வைத்துவிடுகிறேன்.

திருநெல்வேலி

கூந்தன்குளத்தில் மரமெல்லாம் கூடு, ஊருக்குள்ளேயே பறவை. அங்கே எதற்கு ட்ரைபாட்? கார் ஜன்னலில் லென்ஸுக்கு அடியில் வைக்கும் துணிப்பை, பீன்பேக், அது போதும். பையைக் காலியாக எடுத்துப்போய், அந்த ஊர்க் கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்புவேன். கிளம்பும்போது அரிசியை யாருக்காவது கொடுத்துவிடலாம். ஒரு மழைநாளில் கொடுக்க மறந்து வீட்டு மூலையில் போட்டுவிட்டேன். நாலு நாள் கழித்து வந்த வாடைக்கு எலி செத்துவிட்டதென்று அலமாரியையே நகர்த்தித் தேடினோம்.

பட்டைத்தலை வாத்து பார்க்க வருகிறவர்கள் பொங்கலை ஒட்டி வாருங்கள்.

மயிலாப்பூர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆறு கிலோ என்று படித்ததும் சிரிப்பு வந்தது. மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார், 1996இல் காலமானார். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். ஒரு கேமராவின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ் என்று தானே பொருத்திச் செய்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அதன் கனத்தைக் கேலி செய்வது போன்ற பெயர். அதோடு காடு காடாகப் போனார். நான் இப்போது மடக்கு நாற்காலி ஒன்றும் சின்ன லென்ஸ் ஒன்றும்தான் கொண்டுபோகிறேன். முழங்கையை முழங்காலில் ஊன்றினால் அதுவே ஸ்டாண்டு.

செங்கல்பட்டு

எல்லோருக்கும் நன்றி. நுரை உறை வாங்கிச் சுற்றிவிட்டேன். ட்ரைபாட் காலை வீட்டிலேயே முழுக்க நீட்டி, அப்படியே தோளில் போட்டு நடக்கிறேன். நடுவில் நின்று நின்று பிளேட் திருகைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. அது தளர்ந்து லென்ஸ் விழுந்த கதையைத் தனியாகச் சொல்கிறேன், இப்போது மனசு தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை பெரியவருக்குக் கூழைக்கடாப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "மீன்கொத்தி எங்க?" என்றார். மதகடி முழுக்க இப்போது சேறு. வேதாரண்யத்துக்காரரே, வாணலி எத்தனை அங்குலம்?

வேதாரண்யம்

பத்து அங்குலம். கைப்பிடியைக் கழற்றிவிடாதீர்கள், சேற்றிலிருந்து இழுக்க அது வேண்டும். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.