பெற்றோர் குழு: முதல் தெரபிக்கு முன்னாடி

ரேவதி: அடுத்த வாரம் பையனுக்கு முதல் ஸ்பீச் தெரபி. வயசு ரெண்டேகால். பேச்சு இல்ல, கூப்பிட்டா திரும்ப மாட்டான். என்ன தயார் பண்ணணும்?

மாலதி அக்கா: காது டெஸ்ட் ஆச்சாம்மா? டிவி சத்தத்துக்கு ஓடி வர்றான்னு விட்டுடாதீங்க. சில சத்தம் மட்டும் கேக்காத குழந்தைங்களும் உண்டு.

ரேவதி: காது கேக்குதான்னு பாக்குற பெரா டெஸ்ட் எடுத்தாச்சுக்கா, நார்மல். ஆட்டிசம் அறிகுறி இருக்கான்னு பெத்தவங்ககிட்ட கேக்குற எம்-சாட் கேள்வித்தாள்ல 9 மார்க். ஆட்டிசம்னு இன்னும் உறுதியா சொல்லல.

மாலதி அக்கா: 20 கேள்வியில 8ம் அதுக்கு மேலயும் வந்தா நேரா முழு மதிப்பீட்டுக்குப் போகணும். எம்-சாட் வெறும் ஸ்க்ரீனிங்தான். ஆனா ரிப்போர்ட்டுக்காகப் பயிற்சியைத் தள்ளிப் போடாதீங்க.

சலீம் (ஸ்பீச் தெரபிஸ்ட்): ரெண்டு வீடியோ எடுத்துட்டு வாங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷம் போதும். தனியா விளையாடுறது ஒண்ணு, ஏதாவது வேணும்னா எப்படிக் கேக்குறான்னு ஒண்ணு. கையைப் பிடிச்சு இழுக்குறானா, அழறானா, சுட்டிக் காட்டுறானா? புது ரூம்ல அழுதா எங்களுக்கு இது எதுவும் தெரியாது.

ரேவதி: வீட்ல இப்பவே எதாச்சும் ஆரம்பிக்கலாமா சார்?

சலீம்: பபிள்ஸ் பாட்டில் ஒண்ணு போதும். அவன் கண் மட்டத்துக்குத் தரையில உக்காருங்க. ரெண்டு மூணு தடவை ஊதுங்க. அப்புறம் மூடியை இறுக்கி மூடி, முன்னாடி நீட்டிட்டு பேசாம 5–10 செகண்ட் காத்திருங்க. பார்வை, கை நீட்டுறது, ஒரு சத்தம், எது வந்தாலும் "ஊது"ன்னு ஒரே வார்த்தை சொல்லி உடனே ஊதுங்க. ஒண்ணும் வரலைன்னா அவன் கையை மெதுவா பாட்டில் பக்கம் கொண்டு வந்துட்டு ஊதுங்க. அந்த உதவியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், இல்லைன்னா நம்ம கைக்காகவே காத்திருப்பான்.

கெட்டுப் போறது எங்கன்னா, "சொல்லு, சொல்லு"ன்னு அவசரப்படுத்துறதுலதான். அவன் அழற வரைக்கும் இழுத்தடிக்கவும் கூடாது, அப்புறம் பபிள்ஸைப் பார்த்தாலே ஓடிடுவான். முகத்தைப் பிடிச்சுத் திருப்பி கண்ணைப் பாக்க வைக்கவே வேண்டாம்.

ரேவதி: வேணும்கிறதைப் படம் காட்டிக் கேக்க அவனைப் பழக்கினா பேச்சு வராதுன்னு மாமியார் பயப்படுறாங்க.

சலீம்: பேச்சை அது தடுக்காது. கேக்க ஒரு வழி கிடைச்சா அழுகை குறையும், நிறைய குழந்தைங்களுக்குப் பேச்சும் கூடவே வரும். மாமியாரையும் ஒரு செஷனுக்குக் கூட்டிட்டு வாங்க.

மாலதி அக்கா: ரேவதி, தெரபி நடக்கும்போது உள்ள உக்காரக் கேளு, வெளிய நிக்க வேண்டாம். தெரபியோட இலக்கை எழுதி வாங்கு. "தொடர்பு மேம்படணும்"னு எழுதினா அளக்க முடியாது. "10 வாய்ப்புல 8 தடவை உதவி இல்லாம கை நீட்டிக் கேக்கணும்"னு இருக்கணும்.

ரேவதி: சரிக்கா, நாளைக்கே வீடியோ எடுத்துடுறேன்.

சலீம்: எடுக்கும்போது டிவியை அணைச்சிடுங்க. அவன் குரல் தெளிவா கேக்கணும்.