முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து தகவல் திரட்டிய அனுபவம்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

மலைக்காகம்
2015 ஏப்ரல், நேபாள நிலநடுக்கம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், மீட்புப் பணிக்காக வரைய ஆள் தேவை என்றார்கள், உட்கார்ந்துவிட்டேன். நிலப்பரப்பைச் சதுரங்களாகப் பிரித்திருப்பார்கள்; ஆளுக்கொரு சதுரம் எடுத்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் வீடும் பாதையும் வரைய வேண்டும். எனக்கு வந்தது ஒரு மலைச்சரிவு. பதினேழு வீடுகள் வரைந்து முடித்தேன். மறுநாள் சரிபார்த்தவர் சதுரத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்: "இதில் ஆறு வீடே இல்லை, வைக்கோற்போர். நிழலைப் பாருங்கள்." பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு நிழலும் வட்டம். வீட்டு நிழலுக்கு மூலை இருக்கும், இதற்கு இல்லை.

உடனே திருத்தினேன். ஆனால் அந்த ஒரு நாளுக்குள் மீட்புக்குப் போன யாராவது அதை நம்பி மேலே ஏறியிருந்தால்? எந்த வரைபடத்தைத் திறந்தாலும் அந்த ஆறு வட்டங்கள் கண்ணில் வந்து நிற்கின்றன.

இலைநரம்பு
ஐநேச்சுரலிஸ்டில், அதாவது உயிரினப் படங்களைப் போட்டால் மற்றவர்கள் பெயர் சொல்லும் தளத்தில், ஓர் அந்துப்பூச்சிப் படம் போட்டேன். பெயர் தெரியாது, சும்மா "அந்துப்பூச்சி" என்று விட்டுவிட்டேன். நான்கு வருடம் கழித்து ஒருவர் வந்து இனப்பெயர் சொன்னார், பின்னிறகின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கோட்டை வைத்து. இரண்டு நாளில் இன்னொருவரும் அதையே சொல்ல, பதிவு, ஆய்வாளர்கள் பயன்படுத்தத் தக்கது என்ற "ஆய்வுத் தரத்துக்கு"ப் போனது. நன்றி சொல்லலாம் என்று முதலாமவரின் பக்கத்துக்குப் போனேன். அவர் போட்ட படம் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் படங்களுக்குப் பெயர் சொன்னது மட்டும் எண்பதாயிரத்துக்கு மேல். வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன்.

பாவுநூல்
எனக்கு நடந்தது வேறு மாதிரி. 22 வருடம் தறியில் உட்கார்ந்தவன் நான். ஒரு கூட்டுக் கலைக்களஞ்சியத்தில் நெசவு பற்றிய கட்டுரையில், பாவுக்கு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) கஞ்சி எப்போதும் ஒரே பதத்தில் போட வேண்டும் என்று இருந்தது. அப்படி இல்லை. காற்று காய்ந்திருந்தால் நூல் அதிகம் அறும், பதத்தை மாற்ற வேண்டும். எழுதினேன். பத்தே நிமிடத்தில் என் வரியை நீக்கிப் பழையபடி மீளமைத்துவிட்டார்கள். காரணம் இரண்டே சொல்: "சான்று இல்லை." அப்போது என் விரல் இடுக்கில் கஞ்சி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மெய்ப்புத்திருத்தி
பாவுநூல் அண்ணா, வருத்தம் புரிகிறது. ஆனால் மீளமைத்தவர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். உங்களுக்கு 22 வருட அனுபவம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தறியையே பார்க்காத ஒருவரும் இதே வரியை எழுதலாமே. இது இன்று வந்த வழக்கமும் இல்லை. 1879-ல் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காகப் பொதுமக்களிடம் உதவி கேட்டபோதே, சொல்லை மட்டும் அனுப்பினால் போதாது, அது வந்த வாக்கியம், நூல், ஆண்டு, பக்கம் எல்லாம் சீட்டில் வேண்டும் என்றுதான் கேட்டார்.

அதனால் மறுபடி மறுபடி அதே வரியைச் சேர்க்காதீர்கள், மாறி மாறி நீக்கிச் சேர்க்கும் "திருத்தப் போர்" என்று உங்களைத் தடுத்துவிடுவார்கள். முதலில் அந்தக் கட்டுரைக்கான உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம், நெசவுப் பயிற்சிக் கையேடு ஏதாவது பழைய நூலகத்தில் கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால், கஞ்சி போடுவதை வீடியோ எடுத்து, விக்கிமீடியா பொதுவகம் என்ற படக் களஞ்சியத்தில், யாரும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் ஏற்றுங்கள். கட்டுரைக்கு அது சான்றாகாது, ஆனால் செய்முறை பதிவாகிவிடும். துணி ஆய்வு செய்பவர் யாராவது தெரிந்தால் உங்களைப் பேட்டி கண்டு வெளியிடச் சொல்லுங்கள், அதை மேற்கோள் காட்டலாம்.

என் அனுபவம் சிறியது. பழைய நூல்களைத் தட்டச்சிட்டு ஏற்றும் விக்கிமூலத்தில், ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தால் பச்சை. நான் மெய்ப்புப் பார்த்து மஞ்சளாக்கிய ஒரு பக்கம் ஆறு வருடம் மஞ்சளாகவே கிடந்தது. போன மாதம் யாரோ சரிபார்த்துப் பச்சையாக்கினார். ஓர் எழுத்தின் கால் (ா) விடுபட்டிருந்ததாம்.

பாவுநூல்
தம்பி, சொன்னதெல்லாம் சரி. வீடியோ எடுக்கிறேன். ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கஞ்சியை விரலில் தொட்டுப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்பார். அதற்கு எந்த நூலில் எந்தப் பக்கத்தைக் காட்டுவது?

இரவுவிழி
கேலக்ஸி சூ, 2007. விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்கள் வகைப்படுத்தும் இணையத்தளம். சுருளா, நீள்வட்டமா என்று பார்த்து அழுத்திக்கொண்டே போவோம். ஒரே படத்தைப் பல பேர் பார்ப்பதால் ஒருவர் தவறினாலும் பாதகமில்லை என்று நம்பித்தான் வேகமாகப் போனேன். ஓர் இரவு ஒரு மண்டலத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஏதோ தெரிந்தது. தூக்கக் கலக்கம், "தெரியவில்லை" என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

அதே வருடம் ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை இன்னொரு படத்தில் ஒரு நீலக் கறையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அது ஒளிரும் பெரிய வாயுத்திரள். இன்று அதற்கு அவர் பெயர்தான். ஹப்பிள் தொலைநோக்கியே அதைப் படம் எடுத்தது. அவர் செய்ததெல்லாம் நின்று கேட்டதுதான்.

நான் பார்த்தது வெறும் படக்கோளாறாகவும் இருந்திருக்கலாம். அந்தப் படத்தின் எண்ணைக்கூடக் குறித்து வைக்கவில்லை.