சின்ன போட் ட்ரெயிலருக்கு பிரேக் போடலாமா? கினிகத்தேனை இறக்கத்தில் தள்ளுகிறது

நோர்வூட்_போட்:
வணக்கம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடுகிற 14 அடி பைபர் போட், 25 குதிரைவலு எஞ்சின். ட்ரெயிலர் ஒற்றை எக்சல், 13 அங்குல கார் ரிம், பிரேக் கிடையாது. பழைய டபுள் கெப் பிக்கப்பில் இழுக்கிறேன். ஏற்றத்தில் ஒரு தொல்லையும் இல்லை. கொழும்புப் பக்கம் பைபர் வேலைக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல். கித்துல்கல போய்ச் சேர்வதற்குள் கெப்பின் பிரேக் கருகி மணக்கிறது, வளைவில் பின்னாலிருந்து தள்ளுகிறது. ட்ரெயிலருக்கு என்ன பிரேக் போடலாம்?

டிக்கோயா_கெப்:
அண்ணே, 500 கிலோ வருமா அது? இங்கிலாந்திலேயே 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் இழுக்க விடுகிறார்கள். ரெண்டாம் கியரில் இறக்குங்கள், போதும்.

கம்பளை_பிட்டர்:
தம்பி, அந்தச் சட்டத்தில் மிச்சமும் இருக்கிறதே. இழுக்கிற வண்டியின் எடையில் பாதியையும் தாண்டக்கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. கியர் விஷயம் சரி, முதலில் அதைச் செய்யுங்கள். ஆனால் மழை நாளில் வளைவில் பிரேக் மிதித்தால் கெப்பின் பின்பக்கத்தை ட்ரெயிலர் ஒதுக்கித் தள்ளும். அதைக் கியர் தடுக்காது.

நோர்வூட், போட், எஞ்சின், பெற்றோல், நங்கூரம் எல்லாம் ஏற்றி லொறித் தராசில் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, சக்கரம் பூட்டுகிற ஹப்புக்குப் பின்னால் எக்சலில் ஓட்டை போட்ட ஒரு தகடு இருக்கிறதா பாருங்கள். பிரேக் தட்டு அதில்தான் பூட்டும்.

நோர்வூட்_போட்:
தகடு இல்லை அண்ணே, வெறும் சதுரக் கம்பிதான். வெல்டிங் கடையில் ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள். எலெக்ட்ரிக் பிரேக் நல்லதாமே?

கம்பளை_பிட்டர்:
ஒட்ட வேண்டாம். தகடு ஒரு நூல் சாய்ந்தாலும், ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் சூ ஒரு பக்கமாகத் தேயும்; பேரிங் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் சூடு காட்டுவதும் நல்லதில்லை. பிரேக்கோடு வருகிற முழு எக்சலை வாங்கிப் போடுங்கள். 13 அங்குல ரிம்முக்குள் 7 அங்குல ட்ரம் தாராளமாக அடங்கும்.

எலெக்ட்ரிக்கில் ஒரு சுகம் உண்டு. கெப்புக்குள் இருக்கிற கொன்ட்ரோலரால் ட்ரெயிலர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கலாம். ஆனால் போட்டை இறக்குகிறபோதெல்லாம் பிரேக்கை இயக்குகிற மேக்னட்டும் வயரும் தண்ணீரில் முங்கும், சேறு வேறு. எனக்கு மனசு வராது.

உங்களுக்கு ஓவர்ரன் சரி. கெப் வேகம் குறைய, ட்ரெயிலர் முன்னால் தள்ளும். கெப்போடு கொளுவுகிற கப்ளிங் உள்ளே போய்க் கேபிளை இழுத்து ட்ரம்மைப் பிடிக்கும். வாங்கும்போது கப்ளிங்கில் அடித்திருக்கிற குறைந்த எடை, கூடிய எடை இரண்டையும் வாசியுங்கள். கடையில் “இது பெரியது, பலமானது” என்று ஒரு டன் ட்ரெயிலருக்கானதைத் தள்ளிவிடுவார்கள். உங்கள் போட்டின் தள்ளலுக்கு அது அசையாது, பிரேக் இருந்தும் இல்லாத கதைதான்.

டிக்கோயா_கெப்:
அப்போ கியரில் பிடித்து இறக்கினால் இறக்கம் முழுக்க அது தள்ளிக்கொண்டே இருக்குமே? ட்ரம் சூடாகாதா?

கம்பளை_பிட்டர்:
ஆகும், நல்ல கேள்வி. ஓவர்ரனின் குறையே அதுதான். சின்னத் தள்ளலைக் கப்ளிங்குக்குள் அதிர்வு தாங்குகிற டம்பர் விழுங்கிக்கொள்ளும், மிச்சம் ட்ரம்முக்குப் போகும். சூவை இறுக்கி வைக்காதீர்கள். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் சக்கரம் லேசாகச் சுழல வேண்டும். பாதி இறக்கத்தில் நிறுத்தி, புறங்கையை ட்ரம்முக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் கேபிளோ சூவோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

நோர்வூட்_போட்:
ரிவர்ஸில் தண்ணீருக்கு இறக்கும்போது பிரேக் பிடிக்காதா?

கம்பளை_பிட்டர்:
ரிவர்ஸில் தானாக விடுகிற ட்ரம் என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கரையில் மேடு பட்டாலே பூட்டிக்கொள்ளும். போய்ச் சேர்ந்ததும் நேரே தண்ணீரில் விடாதீர்கள். சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக் கிரீஸைக் கெடுக்கும். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு இறக்குங்கள்.

நோர்வூட்_போட்:
சரி அண்ணே. முதலில் தராசு. எடையைப் போடுகிறேன், கப்ளிங்கை நீங்களே சொல்லுங்கள்.