ஊடுபயிரின் ஆதாயத்தை அளக்க ஒரு சொல்: ‘ஒப்புநில விகிதம்’

வணக்கம்.

மானாவாரி நிலத்தில் எண்ணெய்வித்துப் பயிரின் வரிசைகளுக்கு இடையே பயறுவகையை விதைப்பதற்கு ‘ஊடுபயிர்’ என்ற சொல் வேரூன்றிவிட்டது; வரிசை பாராமல் விதைகளைக் கலந்து தூவுவதற்குக் ‘கலப்புப்பயிர்’ இருக்கிறது. இவ்விரண்டையும் நாம் தொட வேண்டியதில்லை. எனக்குத் தயக்கம் தருவது, ஊடுபயிரின் ஆதாயத்தை அளக்கும், ஆங்கிலத்தில் Land Equivalent Ratio எனப்படும் விகிதத்துக்குத் தமிழில் நண்பர் முன்மொழிந்துள்ள ‘நிலச் சமன் விகிதம்’ என்பதுதான்.

1980இல் மீட், வில்லி ஆகிய ஆய்வாளர் இருவரும் விரிவாக விளக்கிய இந்த அளவை எதைச் சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் நிலக்கடலையைத் தனிப்பயிராக இட்டால் 1,000 கிலோவும், துவரையைத் தனியே இட்டால் 800 கிலோவும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதே ஒரு ஹெக்டேரில் ஆறு வரிசை கடலைக்கு ஒரு வரிசை துவரை என்று விதைத்தபோது 800 கிலோ கடலையும் 400 கிலோ துவரையும் கிடைத்தால், தனிப்பயிர் விளைச்சலோடு ஒப்பிட்டுப் பெறும் 0.8, 0.5 என்ற இரு பின்னங்களையும் கூட்டி 1.3 என்கிறோம். அதாவது, இந்த விளைச்சலைத் தனிப்பயிர்களாகவே எடுக்க 1.3 ஹெக்டேர் நிலம் வேண்டியிருக்கும்.

‘சமன்’ என்ற சொல் இந்தப் பொருளைத் தருவதில்லை. 6:1 என்ற வரிசை விகிதத்துக்கு அருகிலேயே ‘நிலச் சமன்’ என்றும் எழுதினால், இரு பயிர்களும் நிலத்தைச் சரிபாதியாகப் பகிர்கின்றனவா என்ற குழப்பம் படிப்பவருக்கு எழுகிறது. பாடக்குறிப்பு ஒன்றில் இச்சொல்லை நானே பயன்படுத்தியபோது, வாசித்தவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகவே இருந்தது.

‘ஈடு’ என்பது பொருளளவில் மிக நெருங்கி வருகிறது. ஆயினும் ‘நில ஈட்டு விகிதம்’ என்றால் நிலத்தை ஈடு வைத்துப் பெறும் கடன்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். புணர்த்தி எழுதினாலோ ‘நிலவீடு’ என்றாகி வீட்டைக் குறிப்பதுபோல் ஆகிவிடுகிறது. ‘ஈடான நில விகிதம்’ என்றால் இவ்விரு இடர்களும் நீங்கும் என்பது உண்மைதான். ஆனால் அடைமொழி சேர்க்கும்போது அது தடுமாறுகிறது. மேலே கண்ட 0.8, 0.5 ஆகிய பகுதி விகிதங்களுக்குப் ‘பகுதி ஈடான நில விகிதம்’ என்று எழுதினால், ‘பகுதி’ எதைத் தழுவுகிறது என்பது தெளிவாக இல்லை. ‘நிகர்’ என்பது ‘நிகர சாகுபடிப் பரப்பு’ என்பதோடு குழம்பும் என்பதால் அதையும் விலக்கிவிடலாம்.

ஆகவே ‘ஒப்புநில விகிதம்’ என்பதை முன்வைக்கிறேன். இயற்பியலில் ‘ஒப்படர்த்தி’ (relative density) என்று பழகியிருக்கிறோம். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு அலகில்லா எண்ணைப் பெறுவதே அங்கும் இங்கும் நடப்பது. தனிப்பயிராக வேண்டியிருக்கும் நிலத்தை ‘ஒப்புநிலம்’ என்று பெயர்ச்சொல்லாகவே ஆளலாம். ‘பகுதி ஒப்புநில விகிதம்’ என்பதும் இடறாமல் வருகிறது.

இச்சொல்லுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கடலை 105 நாளில் பிடுங்கப்பட்டபின், அதுவரை மெல்ல வளர்ந்த துவரை, ஆழ வேரோடி எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பூத்துக் காய்த்து 180 நாள்வரை நிற்கிறது. இந்தக் கால வேறுபாட்டையும் கணக்கில் சேர்க்கும் அளவை (Area Time Equivalency Ratio) 1987இல் வந்தது. அதன்படி 0.8ஐ 105ஆலும் 0.5ஐ 180ஆலும் பெருக்கிக் கூட்டி 180ஆல் வகுத்தால், 1.3 என்றிருந்தது ஏறத்தாழ 0.97 ஆகிவிடுகிறது. இதை ‘ஒப்புநிலக்கால விகிதம்’ எனலாம். ஒரு பருவ மழையை மட்டுமே நம்பியிருக்கும் நிலத்தில் கடலைக்குப் பிந்தைய நாள்களில் வேறு பயிர் வைக்க வழியில்லை என்பதால், மானாவாரிக்கு முதல் அளவையே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனாலும் இரண்டுக்கும் பெயர் வேண்டும். அவை ஒரே வேரிலிருந்து கிளைத்தால் கற்பவருக்கு எளிது.

இப்பயிர்ச் சேர்க்கைக்கு ‘அவரையினமும் எண்ணெய்வித்தும்’ என்று தலைப்பிடுவதையும் மாற்ற வேண்டுகிறேன். நிலக்கடலை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பயிராக இருந்துகொண்டே எண்ணெய்வித்தாகவும் இருப்பதால், அத்தலைப்பில் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது விளங்கவில்லை. ‘பயறுவகை’ என்று எழுதினால் துவரை, உளுந்து, பாசிப்பயறு ஆகியவை ஒருபுறமும் கடலை, எள், சூரியகாந்தி ஆகியவை மறுபுறமும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

‘ஒப்பு’ என்பதற்கு மறுப்பு இருப்பின், மாற்றுச் சொல்லோடு அதன் ‘பகுதி’, ‘கால’ வடிவங்களையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.