மாறிப் பிறந்த உயிர்கள்: நம் கடற்கரையில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

கீழக்கரையிலிருந்து:

என் வாப்பா சங்கு குளித்தவர். தம் பிடித்து ஏழெட்டுப் பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) இறங்கி, இடுப்பில் கட்டிய வலைப்பையை நிரப்பிக்கொண்டு மேலே வருவார். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒருநாள் அவர்கள் தோணி கரைக்கு வந்தது. ஒருவரும் பேசவில்லை. தோணிக்காரரான சம்மாட்டி கையில் ஒரே ஒரு சங்கு, மேலே பழுப்புத் தோல்கூட உரிக்காமல். வாப்பா அதை வாங்கி என்னிடம் கொடுத்து, வால், அதாவது சுருளுக்கு எதிர் முனை, மேலே இருக்கும்படி பிடிக்கச் சொன்னார். வாய் வலப்பக்கம் திறந்திருந்தது. வலம்புரி.

(அறிவியல் நூல்களில் இதையே இடச்சுருள் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் சுருள் உச்சியை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், நாம் வாலை. அவ்வளவுதான்.)

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி. வாப்பா தினமும் அதே இடத்தில் போய்க் குளித்தார். "கூடப் பிறந்தது பக்கத்துலதான் கிடக்கும்" என்றார். அவருக்குச் சங்கின் வாழ்க்கை தெரியும். தாய்ச்சங்கு முறுக்கிய கொம்பு மாதிரி ஒரு முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி வைக்கும். சங்குப்பூ என்போம். அதிலிருந்து குஞ்சுகள் குட்டிச் சங்காகவே ஊர்ந்து வெளியே வரும், மற்ற பல கடலுயிர்களின் குஞ்சுகளைப் போல நீரோட்டத்தில் மிதந்து போகாது. ஆகவே உடன்பிறப்புகள் தூரம் போயிருக்காது என்பது அவர் கணக்கு. ஒரு வாரமும் கிடைத்தது சாதாரணச் சங்குதான்.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் அந்தக் கணக்கில் எவ்வளவு விஷயம் இருந்தது என்று புரிந்தது. குளத்து நத்தையில் ஓடு எந்தப் பக்கம் சுருள்வது என்பதை ஒரு மரபணு தீர்மானிக்கிறது. அதுவும் குஞ்சின் மரபணு அல்ல, தாயுடையது. 1923-இல் ஸ்டர்ட்டிவன்ட் என்ற மரபியலாளர் இதை விளக்கினார். தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பும் பொருளைப் பொறுத்து, கரு நாலு செல்லிலிருந்து எட்டு செல்லாகும்போதே திருகல் எந்தப் பக்கம் என்று முடிவாகிவிடுகிறது. 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் அதைச்ச் சிதைத்துக் காட்டினார்கள். வலமாகச் சுருள வேண்டிய குஞ்சுகள் இடமாகச் சுருண்டன. தாயிடம் இருக்கும் இரண்டு பிரதிகளும் பழுதானால், தந்தை எப்படி இருந்தாலும் அதன் குஞ்சுகள் அத்தனையும் மாறித்தான் பிறக்கும். வாப்பா தேடியது அப்படி ஒரு சங்குப்பூவைத்தான்.

அப்புறம் ஏன் கிடைக்கவில்லை? இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஜெரமி என்று பெயரிட்ட ஒரு தோட்டத்து நத்தை இருந்தது, மாறிச் சுருண்டது. இனப்பெருக்கத் துளையும் பக்கம் மாறி இருந்ததால் சாதாரண நத்தையோடு அதனால் சேர முடியாது. 2016-இல் ஆய்வாளர்கள் அதே மாதிரி இன்னொன்றைத் தேடி ஊரெல்லாம் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். பிறந்த குஞ்சுகள் அத்தனையும் வழக்கமான சுருள்! அந்த இனத்தில் பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதல்ல, கரு வளரும்போது நேரும் தற்செயல் என்று 2020-இல் எழுதினார்கள். வித்தியாசமாகப் பிறப்பதெல்லாம் மரபணு மாற்றம் என்று நாம் சொல்லிவிடக் கூடாது. எங்கள் சங்கும் ஜெரமி வகைதான் என்று என் மனசு சொல்கிறது. அன்றைக்கு இது தெரிந்திருந்தால் வாப்பாவை அந்த ஒரு வாரம் தண்ணீருக்குள் விட்டிருக்க மாட்டேன்.

மண்டபத்திலிருந்து:

நான் பார்த்தது தனுஷ்கோடி போகும் வழியில் ஒரு வெள்ளைக் காகம். கருவாடு காயும் இடத்தில் மற்ற காகங்கள் அதை அண்டவிடவே இல்லை. எல்லோரும் அல்பினோ என்றார்கள். ஆனால் கண் கறுப்பாகவே இருந்தது. அல்பினோவில் மெலனின் என்ற நிறமியே உடம்பில் உண்டாகாது, அதனால் கண்ணில் ரத்த நாளத்தின் சிவப்பு தெரியும். இது வேறு வகை. நிறமிச் செல்கள் இறகுக்குப் போய்ச் சேராததால் வந்த வெள்ளை, கண்ணுக்கு அந்தக் குறை இல்லை. மெலனின்தான் இறகுக்கு உறுதியும் தருகிறது. அதன் சிறகு நுனிகள் தேய்ந்து கிழிந்து கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பரமக்குடியிலிருந்து:

கீழக்கரை காக்கா (அண்ணே), ஒரு சந்தேகம். ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் வலம்புரி என்று சொல்லி வாங்கினேன், விலை அதிகம்தான். பூஜையில் வைத்திருக்கிறேன். உண்மையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கீழக்கரையிலிருந்து:

தம்பி, காதில் வைத்து ஓங்காரம் கேட்கிறதா என்று பார்க்காதீர்கள், எந்தச் சங்கிலும் இரைச்சல் கேட்கும். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவுங்கள். நம் கடல் சங்கு என்றால் அங்கே மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாகத் தட்டுப்படும். அமெரிக்கக் கடற்கரையில் மின்னல் சங்கு என்று ஓர் இனம் உண்டு. அதில் வாய் இந்தப் பக்கம் திறப்பதுதான் இயல்பு, மாறிப் பிறந்தது அல்ல. அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்கிறார்கள். அதன் தண்டில் அந்த மடிப்புகள் இருக்காது.

பரமக்குடியிலிருந்து:

பார்த்துவிட்டேன் காக்கா. வழவழவென்று இருக்கிறது.